பழைய கம்ப்யூட்டரில் தாயில்பட்டி ரோடு

தாயில்பட்டி
மே 4, ஞாயிறு

பிரீத்திகா,

எங்கள் ஊரை எங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிடாமல் செய்தது நீதான்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டு முடித்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக எழுதுகிறேன். போனில் உன்னைத் தடுத்து வைத்திருப்பதும் அதற்காகத்தான். போனில் பேசினால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். காகிதத்தில் நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

பத்தாம் வகுப்பில் சிவகாசியில் உங்கள் வீட்டு மாடியில் விளையாடினோமே, அதே லாரி கேம். அதற்கு நம் ஊர்த் தோலைப் போர்த்தி ஒரு மோட் செய்யலாம் என்று சொன்னவள் நீ. அதை இல்லை என்று சொல்லவில்லை. படம் எடுத்தவள் நான். விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி வெயிலில் நின்று எடுத்தேன். தார் ரோடு, சுண்ணாம்புச் சுவர், சுவரில் கிழிந்து தொங்கும் போஸ்டர், சீமைக்கருவேலம், ஆடு, உங்கள் பட்டாசுக் கம்பெனி காம்பவுண்டு. பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் வேலை முடிந்த பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து உனக்கு அனுப்பினேன். அவற்றை அந்தக் கேமின் ரோட்டிலும் சுவரிலும் ஒட்டுவது உன் வேலை. நீ ஒட்டியதோடு நிற்கவில்லை. கோயம்புத்தூரில் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து, போதாது போதாது என்று என்னென்னவோ சேர்த்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இணையத்தில் போட்டுவிட்டாய்.

என் பெட்டி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. கிராபிக்ஸ் கார்டு, மூடிப்போன கல்யாண வீடியோ ஸ்டுடியோவிலிருந்து வந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தால்தான் சூடு தாங்கும். இருந்தாலும் அந்தக் கேம் அதில் நன்றாக ஓடியது. கேமும் பழசு, பெட்டியும் பழசு, இரண்டுக்கும் ஒத்துப்போயிற்று. உன் மோடைப் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டது. லாரிச் சத்தம் மட்டும் வந்தது. கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னிவிட்டு வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தாள்.

“ஏட்டி, காத்து எனக்கா, பொட்டிக்கா?”

“கொஞ்சம் பொறும்மா. மோடு போட்டிருக்கேன்.”

“அது என்ன மோடு?”

“பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. கேமு பழசு, அதுக்கு மேல புதுப் படம்.”

“வெள்ளையடிச்சா வீடு விழுமாக்கும்?”

ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

கடைசியில் படம் வந்தது. ஆல்பத்தைப் புரட்டுவது போல ஒவ்வொரு படமாக வந்தது. அதில் நான் பார்த்தது என்ன? ரோடு ஈரமாக இருக்கிறது. தாயில்பட்டி ரோட்டில் மே மாதம் ஈரம் இருந்தால் தண்ணீர் லாரி ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். உன் ரோட்டில் மேகம் தெரிகிறது. ஓரத்தில் புல். கம்பெனி காம்பவுண்டுக்கு முன்னால் பூச்செடி. நான் எடுத்த கருவேலத்தைக் காணோம்.

உன் மோடைப் பாராட்டி ஜெர்மனியிலிருந்தெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தாயில்பட்டி ஓடுகிறது. தாயில்பட்டியில் ஓடவில்லை.

இதனுடன் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. என் பெட்டியின் விவரம் எல்லாம் அதில் போட்டிருக்கிறேன். இந்தப் பெட்டியில் ஓடுகிற மாதிரி செய்து அனுப்பு.

அழகுமீனா

*

கோயம்புத்தூர்
மே 11, ஞாயிறு

அழகு,

கூரியரைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். பிரித்துப் படித்தால் அது பரவாயில்லை போலிருந்தது.

நான் சிரித்தேன். உனக்குக் கேட்காது என்பதால் சொல்கிறேன்.

சரி, என் பக்கத்தையும் கேள். நீ அனுப்பிய படங்கள் எந்த நிலையில் வந்தன தெரியுமா? ஒவ்வொன்றிலும் அச்சுக்கு விடுவது போல ஓரத்தை நீட்டி பிளீடு விட்டிருந்தாய். நாலு மூலையிலும் கட் மார்க். லேபிளுக்குச் சரி, ஓரத்தில் வெள்ளை தெரியாமல் வெட்டுவதற்கு வேண்டும். ரோட்டை யார் வெட்டப்போகிறார்கள்? கேமில் ஒரே ரோட்டுப் படம்தான் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே போகும். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது விருதுநகரிலிருந்து தாயில்பட்டி வரை ரோட்டுக்குத் தையல் போட்டது போலிருந்தது. ஆட்டின் வயிற்றில் கட் மார்க். என் பக்கத்து மேசை பிரபாகரன் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, உங்கூர்ல ஆட்ட அளவெடுத்துத்தான் வெட்டுவாங்களா?” என்று கேட்டான். எல்லாவற்றையும் உட்கார்ந்து வெட்டியவள் நான். அது மட்டுமா, எல்லாம் அச்சுக்கான நாலு கலரில் இருந்தன. கேம் அதைத் திறக்கவே இல்லை. மாற்றினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

ஈர ரோடு விஷயம். இப்போது எல்லா மோடிலும் அப்படித்தான். ரோட்டில் வானம் தெரியவில்லை என்றால் ஒருத்தரும் இறக்கமாட்டார்கள். கருவேலத்தை எடுத்தது பார்க்க வறட்சியாக இருந்ததால். நம் ஊரைக் கொஞ்சம் அழகாகக் காட்ட நினைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

கார்டைக் கொஞ்சம் நல்லதாக மாற்றிக்கொள்ளேன். உங்கள் பிரஸ் ஓனரிடம் கேட்டால் தரமாட்டாரா? அவருக்குத்தான் நீ ராப்பகலாக உழைக்கிறாயே.

அதற்குள், எல்லாப் படங்களையும் கால்வாசி அளவுக்குக் குறைத்து பென்டிரைவில் போட்டிருக்கிறேன். ஓடும்.

தடையை எடுத்துவிடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பிரீத்தி

*

தாயில்பட்டி
மே 18, ஞாயிறு

பிரீத்திகா,

பிளீடு என் தப்பு. படம் என்று ஒன்றைத் திறந்தாலே என் கை முதலில் சுற்றிலும் பிளீடு விடும். பிளீடு இல்லாமல் அனுப்பினால் கட்டிங் மிஷின் சோலைச்சாமி அண்ணன் பிரஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். ஆட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். “நல்லவேள, மார்க்கு இருந்துச்சுல்ல? இல்லாட்டி ஆடு கோணயாப் போயிருக்கும்” என்றார். நாள் முழுக்கச் சிரித்தோம்.

உன் சின்ன மோட் ஓடுகிறது. பார்க்கத்தான் முடியவில்லை. ரோடு, சுவர், போர்டு எல்லாம் குழைந்த சோறு மாதிரி இருக்கிறது. தாயில்பட்டி நிறுத்தத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஊருக்குள் வந்துவிட்டேன் என்பதே ஊரைத் தாண்டின பிறகுதான் தெரிகிறது.

ஓனரிடம் கேள் என்று எழுதியிருக்கிறாய். பிரீத்திகா, நீ கேட்டால் உன் அப்பா தருவார். எல்லார் வீட்டிலும் கேட்டதும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு நீ மோட் செய்கிறாய். அதனால்தான் அது எங்கள் வீட்டில் ஓடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

வேலைக்கு வருவோம்.

மலிவுப் பட்டாசுக்கு லேபிள் வேண்டும், மையைக் குறை என்று ஆர்டர் வந்தால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கலாக்க மாட்டோம். பின்னணியை எடுத்துவிடுவோம். பெயரையும் படத்தையும் தொடமாட்டோம். நீ பெயரையும் பின்னணியையும் சேர்த்துக் கால்வாசி ஆக்கியிருக்கிறாய். தலைகீழாகச் செய்.

எங்கள் ஊரில் இல்லாததை வரையாதே. இவ்வளவுதான் கணக்கு. ரோட்டில் ஈரம் இல்லை, அதனால் அதில் எதுவும் பிரதிபலிக்க வேண்டாம். புல் இல்லை. பூச்செடி இல்லை. மத்தியான வெயிலாக வை. மத்தியானத்தில் நிழல் காலடியில்தான் கிடக்கும், நீளமாக வரைய வேண்டாம். தூரத்தில் மலை, கோபுரம் எல்லாம் வேண்டாம், புழுதியைப் போடு. மதுரை ரோட்டில் லாரி போனபிறகு நமக்கு என்ன தெரிகிறது? புழுதிதான் தெரிகிறது. இவ்வளவையும் எடுத்தால் கார்டுக்கு மூச்சு வரும். அந்த மூச்சில் போர்டையும் போஸ்டரையும் கருவேலத்தையும் முழு அளவில் போடு.

இன்னொன்று. நீ செய்த ஊரில் ஆளே இல்லை. அதாவது, எல்லாரும் எங்கே?

அழகுமீனா

*

கோயம்புத்தூர்
ஜூன் 1, ஞாயிறு

அழகு,

நீ எழுதியதைப் படித்து ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். “கேட்டால் உன் அப்பா தருவார்” என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு உன் கணக்கைச் செய்து பார்க்க உட்கார்ந்தேன், நீ சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான்.

செய்து பார்க்க பழைய கம்ப்யூட்டர் வேண்டுமே. எங்கள் ஆபீஸில் அப்படி ஒன்று வாட்ச்மேன் கேபினில் மட்டும்தான் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் பெயரைப் பதிவதற்கு. உன் பெட்டியைவிட ஒரு படி மோசம். வாட்ச்மேன் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டு உட்கார்ந்தேன். பிரதிபலிப்பை நிறுத்தினேன். லாரி நகர்ந்தது. நிழலைக் காலடிக்குக் கொண்டுவந்தேன். லாரி ஓடியது. தூரத்தை எல்லாம் புழுதிக்குள் விட்டதும், அழகு, லாரி வழுக்கிக்கொண்டு போயிற்று. வாட்ச்மேன் அண்ணன் பின்னால் நின்று, “அம்மிணி, அடுத்தது நானுங்க” என்றார். இப்போது கேட்டில் வண்டி நின்று ஹாரன் அடித்தாலும் அவர் எழுந்து போவதில்லை, ஆமத்தூரைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

நீ சொன்னதுதான் சரி. நான் தோற்றேன், எழுதிவிட்டேன், போதுமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈரத்தை எடுத்த பிறகுதான் அது நம் ரோடாக இருந்தது. திருத்தங்கல் தாண்டி வரும்போது வெள்ளை வெயிலில் போஸ்டர் கண்ணைக் கூசவைத்தது. பிரபாகரன்கூட, “இப்பத்தானுங்க ஊரு மாதிரி இருக்குது” என்றான். கருவேலத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். முள்கூடத் தெரிகிறது.

ஆட்கள் விஷயம். நடந்து போகிற ஆட்களை இந்தக் கேமில் புதிதாகச் சேர்க்க முடியாது. எதிரில் வருகிற வண்டிகளின் தோலை மாற்றலாம். ஒரு ஸ்கூல் பஸ் இருக்கிறது பார், மஞ்சள் கலர், அதைக் கம்பெனி வேனாக மாற்றினால் என்ன? அதன்மேல் ஒட்டும் படத்துக்கான வெற்றுத்தாளை பென்டிரைவில் வைத்திருக்கிறேன். நீ வரை. பிளீடு விடாதே.

வேனில் எங்கள் கம்பெனி பெயர் வேண்டாம். சும்மா ஒரு வேன். சரியா?

பிரீத்தி

*

தாயில்பட்டி
ஜூன் 15, ஞாயிறு

பிரீத்தி,

வேன் தயார். பெயர் போடவில்லை. பெயர் போட இடமும் இல்லை, பக்கம் முழுக்க முகம்.

வேனைப் போன வாரம் ஒரு நாள் காலையில் நிறுத்தத்திலேயே போனில் எடுத்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக்கூடாது, அதனால் ஏறுகிற இடத்தில். டிரைவர் முத்துக்கருப்பன் முதலில் முறைத்தார். “என்னத்தா, ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பப் போறியா?” கேமுக்கு என்றதும் தலையைச் சீவிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து நேராக உட்கார்ந்தார். அதற்குள் உள்ளே சண்டை.

“ஏ அழகு, என்னயச் சன்னலோரம் போடு.”

“அவ சன்னலோரம் உக்காந்தா வேனே அந்தப் பக்கம் சாஞ்சிரும், வேண்டாம்த்தா.”

“நீ மட்டும் காத்துல பறப்பியோ?”

“எம் மூக்குத்தி தெரியுதா பாரு, பிள்ள.”

சீனியம்மா அத்தைக்கு உட்கார இடமில்லை. அவள் எப்போதும் போல இரண்டு சீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு குனிந்து கண்ணாடியில் முகத்தைக் காட்டினாள். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “எனக்கு வெக்கமா இருக்கு, என்னய விட்ருங்க.” எல்லாரும் சேர்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் எடுத்த படத்தில் அம்மா முகத்தை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை, கோபத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். அதையே போட்டேன்.

யாரையும் விடவில்லை. வேனில் எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை பேர். ஒரு சன்னலுக்கு இரண்டு முகம், சில சன்னலுக்கு மூன்று. இப்படித்தான் வருகிறார்கள், இப்படித்தான் வரைந்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அறையில் நிற்க இடமில்லை, வாசல் வரைக்கும் கூட்டம். ஃபேனை அம்மாவே பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தாள். “இன்னைக்கு அதுக்கு வேல இருக்கு.” நான் லாரியை வெம்பக்கோட்டையிலிருந்து ஓட்டி வந்தேன். எதிரில் வேன் வந்தது. பிரீத்தி, நீ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூரையில் இருந்த காக்காயெல்லாம் போய்விட்டது.

“ஏட்டி, திருப்பு, திருப்பு, பின்னாலயே போ.”

“இங்கன ஒரு டீக்கட இருக்குமே, லாரிய நிப்பாட்டு.”

“கேமுல டீ குடிக்க முடியாதுத்தை.”

“பெறகு என்னத்துக்கு ரோடு?”

சீனியம்மா அத்தை ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் கருவேலத்துக்குள் விட்டாள். அதற்கும் கைதட்டு. இந்தக் கேமில் வண்டியெல்லாம் வலது பக்கம் போவது ஒருத்திக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நம் ரோட்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வருவார்கள்தானே.

போகும்போது சீனியம்மா அத்தை சொன்னாள்: “எங்க மொகத்த எவனாவது வெளிநாட்டுக்காரன் பாப்பானாத்தா?” பார்ப்பான் என்றேன். “அப்ப மூக்குத்தியப் பெருசாப் போடு.” போட்டுவிட்டேன்.

பென்டிரைவில் எல்லாம் இருக்கிறது. இதை இணையத்தில் போடு. உன்னைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் கடிதமே எழுது, நன்றாக எழுதுகிறாய்.

அழகு

*

கோயம்புத்தூர்
ஜூன் 29, ஞாயிறு

அழகு,

போட்டுவிட்டேன். “பழைய கம்ப்யூட்டருக்குத் தாயில்பட்டி ரோடு” என்றே பெயர் வைத்தேன். உன் பெயரை முதலில், என் பெயரை அடுத்து. பழைய மோடை இறக்கியவர்களைவிட இதை இறக்கியவர்கள் அதிகம். பர்மாவிலிருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார், அவருடைய பெட்டியில் ஓடுகிற ஒரே மோட் இதுதானாம். பீகாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒருத்தர் எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறார். உன் பெயரைக் கேட்டு எழுதுகிறார்கள், நீ பையன் என்று நினைத்துக்கொண்டு. நான் திருத்தவில்லை, நீயே திருத்து, உனக்குப் பிடிக்கும்.

ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வேன் கண்ணாடிகளைக் கறுப்பாக்கியிருக்கிறேன். அத்தனை முகமும் சேர்ந்து பழைய கார்டுக்குப் பாரமாக இருக்கும் என்று தோன்றியது. கூலிங் கண்ணாடி போட்ட வேன் மாதிரி இருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு அப்பாவிடம் வீடியோ காலில் காட்டினேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு இதுவரை புரிந்ததே இல்லை. முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டார். “சொர்ணம், இங்க வா, நம்ம ஆமத்தூர் வளைவு பாரு. எம்பிள்ள போட்டிருக்கு.” அவ்வளவு சந்தோஷம். பிறகு வேன் வந்தது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“இது நம்ம முத்துக்கருப்பன்ல்ல?”

“ஆமாப்பா.”

“இத யாரு யாரு பாக்காக?”

“எல்லாரும் பாக்கலாம்ப்பா.”

“எல்லாரும்னா?”

அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், அவர் எழுந்து போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. அடுத்த நாள் காலையில் போன் செய்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

தீபாவளி சீசன் ஆரம்பித்துவிட்டது, அவருக்கும் ஆயிரம் கவலை. உனக்குத் தெரியாததா.

வாட்ச்மேன் அண்ணன் உன்னை விசாரித்தார்.

பிரீத்தி

*

தாயில்பட்டி
ஜூலை 6, ஞாயிறு

பிரீத்தி,

முகம் போட்ட தாளும் கறுப்படித்த தாளும் கார்டுக்கு ஒரே பாரம்தான். அளவு மாறவில்லை என்றால் பாரம் மாறாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். பாரம் யாருக்கு என்று உன் கடிதத்தின் பின்பாதியில் நீயே எழுதியிருக்கிறாய்.

மே மாதமாக இருந்தால் உன்னை மறுபடி தடுத்திருப்பேன். இப்போது அவ்வளவு கோபம் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன், அதுதான் காரணம். என் பெட்டியில் முகங்கள் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் ஓட்டுகிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஹாரன் பொத்தானை மட்டும் தன்னுடையது என்று வைத்துக்கொண்டாள். எதிரில் வேன் வந்தால் அடிப்பாள். வேனில் தன்னைப் பார்த்தால் இரண்டு தடவை அடிப்பாள். “யாரத் திட்டுறேன்னு தெரியலயே, நல்லாத் திட்டுறேன்” என்பாள். பிரஸ்ஸில் சோலைச்சாமி அண்ணன் வீட்டுப் பெட்டியிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பழைய பெட்டியில் என் ரோடு ஓடுகிறது. இவ்வளவு நாள் நான் அடித்த லேபிள் எல்லாம் கொளுத்தினதும் கிழிந்து போயிற்று. இது போகாது. எனக்கு இது போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் சீனியம்மா அத்தைக்குப் போதவில்லை. பர்மாக்காரன் பார்த்தானா என்று தினமும் கேட்கிறாள். கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்த்தான் என்று நான் எப்படிச் சொல்வது? நீ வந்து சொல்.

உன் அப்பாவுக்கு அந்தப் படத்தில் பிடிக்காதது என்ன? முகமா? முகம் தினமும் அவர் கம்பெனி கேட்டுக்குள் போகிறது. அவை அத்தனையும் ஒரே வேனில் இருப்பதுதான் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. அம்மா ஒரு கால் தரையில், ஒரு கால் இன்னொருத்தி கால்மேல் வைத்து வருகிறாள். சாயங்காலம் இறங்கினால் கொஞ்ச நேரம் நடக்க வராது. ஃபோர்மேன் பால்பாண்டியிடம் கேட்டால், “ஓனர்ட்டச் சொல்லியிருக்கேன், பாப்போம்” என்பார். போன சீசனிலும் பார்ப்போம்தான்.

நானும் உன் அப்பாவும் ஒன்றையே விரும்புகிறோம் என்றால் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கண்ணாடியைக் கறுப்பாக்குவதை விட லேசான வழி. நிஜ ரோட்டில் இரண்டாவது வேனை விடட்டும். இரண்டு வேனையும் நான் நிறுத்தத்தில் நின்று எடுக்கிறேன். ஒரு சன்னலுக்கு ஒரு முகம் வரும். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் போட்டு, கம்பெனி பெயரையும் பெரிதாக எழுதித் தருகிறேன், ஜெர்மனிக்காரனும் பார்க்கட்டும். இரண்டாவது வேனுக்கு வெற்றுத்தாள் வெட்டி வைத்துவிட்டேன். பிளீடு விடவில்லை.

அது வரைக்கும் இருக்கிற முகங்களைத் திரும்பப் போடு. உன் அப்பாவிடம் கேள்.

அழகு

*

தாயில்பட்டி
ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரீத்தி,

கடிதம் உன் கையில் கிடைத்தது என்று கூரியர் ஆபீஸில் சொன்னார்கள். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போனில் நீ அனுப்புகிற நாய்க்குட்டிப் படங்கள் வருகின்றன. அவை நன்றாக இருக்கின்றன.

இங்கே சீசன். திருத்தங்கலில் எங்கள் பிரஸ் உட்பட எந்தப் பிரஸ்ஸும் மூடுவதில்லை. அம்மா சரம் பின்னும் வேகத்தில் தூக்கத்திலும் விரலை ஆட்டுகிறாள். வேனில் புதிதாக ஆள் சேர்ந்திருக்கிறது. வெம்பக்கோட்டையிலிருந்து அக்கா தங்கை, இரண்டு பேரும் நின்றுகொண்டே வருகிறார்கள். சும்மா நிற்காமல் வழியெல்லாம் பாட்டுப் பாடுகிறார்களாம், அம்மாவுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நேற்று என் பெட்டியில் அவர்களையும் வேனில் ஏற்றினேன். பெட்டி தாங்கியது.

இணையத்தில் இன்று காலையில் பார்த்தேன். கண்ணாடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றுதான். உன் அப்பாவிடம் கேட்டாயா? இரண்டாவது வேன் என்றைக்கு வரும்? நாளைச் சொல்லி எழுது.

அழகுமீனா